சாதிப் பெயர் நீங்கிய மறைசாட்சி



மனிதர் அனைவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று சிறு வயதிலேயே ஞான உபதேசத்தில் படித்திருக்கிறோம். படித்ததை வாழ்ந்து காட்டுவது எளிதன்று. வாழ்ந்து காட்டியவர் புனித தேவசகாயம்.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில், உயர்குடி இந்துக் குடும்பமொன்றில் நீலகண்டன் பிறந்தார். அன்றைய திருவிதாங்கூரில் யார் யாரை நெருங்கலாம், யார் எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. ஊர் வழக்கமும் சமயமும் சேர்ந்து அதைத் தருமம் என்றே கற்பித்தன. அவ்வழக்கத்தில் வளர்ந்த நீலகண்டன், மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலரானார்.

1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைத்தலைவரான டிலனாய் வழியாக அவர் கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

புதிய விசுவாசம் அவருடைய பார்வையையே மாற்றியது. சாதி எதுவாயினும் மனிதர் சமமே என்று வற்புறுத்திப் போதித்தார். மேற்குடியினருக்கு இது பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பட்டார், விலங்கும் அடியும் அவமானமுமாக மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் சாதி அவரோடு சாகவில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பகுதியாகப் பிரிந்து நின்றது. ஒரே பீடம், ஒரே நற்கருணை. நடுவில் ஒரு சுவர்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது, வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. திருமுழுக்குத் தண்ணீர் தலையை நனைத்தது. ஊர் வழக்கமோ உள்ளத்தில் உலராமல் கிடந்தது.

2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டி வந்த சாதிப் பட்டம் நீங்கியிருந்தது. வெறும் தேவசகாயமாகவே பீடமேறினார்.

நாமும் நம்மைச் சோதித்துப் பார்ப்போம். வரன் தேடும்போதும், கல்லறையில் இடம் ஒதுக்கும்போதும், திருவிழாத் தேர் இழுக்கும்போதும் நம் நடுவே அந்தச் சுவர் இன்னும் நிற்கிறதா? நிற்குமானால், அதை இடிப்பதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.