டெஸ்ட் ஆடாத ராம்சிங்

பங்குனியில் கண்மாய் காய்ந்துவிட்டால் போதும், நம்ம வ. புதுப்பட்டிப் பக்கம் கருவேலங்குச்சியை ஸ்டம்பாக நட்டு ஆட்டம் ஆரம்பித்துவிடும். டெண்டுல்கர் பெரியவரா, தோனி பெரியவரா என்று சண்டை போட்டுக்கொள்ளும் நம்மில் எத்தனை பேருக்கு ஏ. ஜி. ராம்சிங்கைத் தெரியும், நண்பர்களே?

பெயரைப் பார்த்து வடநாட்டு ஆளு என்று நினைத்துவிட வேண்டாம். 1910 ஜூன் 24-ல் சென்னையில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் அமிர்தசரஸ். இனிஷியல்கூட நம்ம வழக்கப்படிதான்: 'ஏ' என்றால் அமிர்தசரஸ், 'ஜி' என்றால் கோவிந்த்சிங். இடது கை சுழற்பந்து வீச்சாளர். இடது கை ஆட்டக்காரரும்கூட.

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48 ரன்னில் சுருண்டது. மதராஸ் 130. மறுபடி ஆடிய மைசூர் 59! ஒரே நாளில் ஆட்டம் க்ளோஸ். இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் மதராஸ் வெற்றி. அன்று 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்த்தவர் ராம்சிங். பிறகு ரஞ்சியில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுத்த முதல் வீரரும் அவரே.

இப்படிப்பட்டவர் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியிருக்க வேண்டாமா? அங்கேதான் விதி விளையாடியது. 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்ட்டுகளே மொத்தம் 7தான். 1936-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய அணியில் நம்ம மதராஸிலிருந்து எம். ஜே. கோபாலனும் சி. ராமசாமியும் இருந்தார்கள், ராம்சிங் இல்லை. அப்புறம் உலக யுத்தம். பத்து வருஷம் டெஸ்ட்டே கிடையாது. 1946-ல் மறுபடி இங்கிலாந்துப் பயணம் வந்தபோது அவருக்கு வயது 36. அதே இடது கை சுழற்பந்தில் ஏழு வயது இளையவரான வினு மன்கட் போய் வந்து பெயர் வாங்கினார்.

56 முதல்தர ஆட்டங்கள், 3314 ரன், 265 விக்கெட். விக்கெட்டுக்குச் சராசரி 19 ரன்கூட இல்லை. டெஸ்ட் என்ற இடத்தில் மட்டும் பூஜ்யம்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மட்டையைப் பரணில் போட்டுவிட்டுப் புலம்பியிருப்போம். ராம்சிங் பயிற்சியாளரானார். சென்னைப் பையன்களுக்குப் பல ஆண்டுகள் பந்து பிடிக்கவும் போடவும் சொல்லிக் கொடுத்தார். வீட்டுப் பிள்ளைகளும் அவரிடமே பாடம் படித்தார்கள்.

1955 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மூத்த மகன் கிருபால்சிங் தன் முதல் டெஸ்ட்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 அடித்தார். 1960 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சென்னை டெஸ்ட்டில் இன்னொரு மகன் மில்காசிங் 18 வயதில் களம் இறங்கினார். 1988-ல் கோவாவுக்கு எதிராகப் பேரன் அர்ஜன் கிருபால்சிங் 302 ரன் எடுத்ததையும் பார்க்கும் பாக்கியம் தாத்தாவுக்குக் கிடைத்தது.

1999 ஆகஸ்ட் 11-ல் ராம்சிங் மறைந்தார்.

நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்ட் ஒட்டுவார்கள். நம்ம பேர் அதில் இல்லாமலும் போகலாம். அப்போது இந்த மனுஷனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய டெஸ்ட் வீரர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர் வளர்த்த பிள்ளைகளின் பெயர் கிடைக்கும்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்