குமரப்பாவின் ஏடுகள்

பொருளியல் அறிஞர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் நூல்கள் நூலகங்களில் இடம்பெறும். கடிதங்களும் குறிப்பேடுகளுமோ பல வேளைகளில் கரையானுக்கு இரையாகும். ஜே.சி. குமரப்பாவின் தாள்களுக்கு அந்நிலை நேரவில்லை. அவை புதுதில்லி தீன்மூர்த்தி இல்ல வளாகத்திலுள்ள ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது அவர் பின்னர் ஏற்ற முன்னோர் பெயர். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகச் செல்வச் செழிப்புடன் வாழ்ந்தார். பின்பு அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வரிப்பணம் செலவிடப்பட்ட முறையை ஆராய்ந்தார். தணிக்கையாளரின் கண்ணுக்கு ஆங்கிலேய ஆட்சியின் கணக்கே நாட்டு வறுமையின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. 1929இல் சபர்மதியில் அவரைச் சந்தித்த காந்தியடிகள் அவ்வாய்வைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார். குசராத்தின் மாதர் வட்டத்துச் சிற்றூர்களை ஆராயும் பணியையும் அவருக்கு அளித்தார். மேலைநாட்டு உடையில் வந்தவர் கதராடைக்கு மாறினார்.

கணக்கில் அவர் காட்டிய கண்டிப்பு பெரிது. 1934இல் பீகார் நிலநடுக்கத் துயர்நீக்க நிதியைக் காத்தபோது, காந்தியடிகளுடன் வந்தோரின் செலவைக்கூட அந்நிதியிலிருந்து தர மறுத்தார். அந்நிதி துயருற்றோருக்கே உரியது என்பது அவர் கொள்கை. அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு கைத்தாள் தொழிலையும் வளர்த்தார்.

தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்றும், பெருந்தொழிலுக்கே அங்கு முதன்மை தரப்பட்டதனால் சில மாதங்களிலேயே விலகினார். நிலைத்த பொருளாதாரம் குறித்த நூலைச் சிறையில் எழுதினார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைவன. காடும் ஓடும் நீரும் முறையாகப் பேணினால் குறையாதன. இவ்வேறுபாடே அவர்தம் சிந்தனையின் அடித்தளம். திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரிகளுக்கிடையே எழுந்துள்ள தொழிற்சாலைகளை அவர் முறைப்படி கணக்கிடின், வரவுப் பக்கத்தில் ஊதியமும் ஊர்திகளும் நிற்கும். செலவுப் பக்கத்தில் நீரையும் விளைநிலத்தையும் எழுதாமல் விட இயலாது. இரு பக்கமும் சமமாகுமா என்பது எளிதில் விடை காணக்கூடியதன்று.

இறுதிக் காலத்தை மதுரையை அடுத்த தே.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, சென்னையில் மறைந்தார். தில்லியில் உள்ள அவர்தம் தாள்களைத் துணையாகக் கொண்டு ஆய்வாளர் இருவர் 2016இல் அவர் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டனர்.