குந்தவை பூட்டிய நகைகள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர்ப் பக்கம் போகிறவர்கள், சற்றே வழி விலகினால் திருமலை என்ற குன்றைப் பார்க்கலாம். அங்கே சமணர் கோவில் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குந்தவை ஜினாலயம். சிவபக்தியில் ஊறிய சோழர் குலத்து இளவரசியின் பெயர் சமணர் கோவிலுக்கு! ராஜேந்திர சோழன் காலத்தில், 1024-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டிய கல்வெட்டு இந்தப் பெயரைச் சொல்கிறது. வணிகர் ஒருவரின் மனைவி அங்கே விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தியும் அதில் இருக்கிறது.

யார் இந்தக் குந்தவை?

சுந்தர சோழனின் மகள். ராஜராஜ சோழனின் அக்காள். வந்தியத்தேவனின் மனைவி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்த வீடுகளில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஆனால் கதையைவிடக் கல்வெட்டுக் குந்தவை இன்னும் பெரியவள்.

இளமையிலேயே இடிமேல் இடி. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். தந்தை காஞ்சிப் பொன்மாளிகையில் கண்ணை மூடினான். தாய் வானவன்மாதேவி கணவனோடு தீயில் இறங்கினாள். மிஞ்சியது தம்பி ஒருவன்தான்.

985-இல் அந்தத் தம்பி அரியணை ஏறினான். 1010-இல் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டி முடித்தான். யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதைக் கல்லில் வெட்டச் சொன்னான். முதலில் தான் கொடுத்தது. அடுத்து அக்காள் கொடுத்தது. பட்டத்து ராணிகள் அதற்குப் பிறகுதான்!

குந்தவை இரண்டு உமாதேவித் திருமேனிகளைச் செய்து வைத்தாள். இறந்துபோன தாய்க்கும் தந்தைக்கும் படிமம் எடுத்தாள். அம்மனுக்குத் தாலி, வாளி, மோதிரம், பட்டிகை என்று பொன்னும் மணியுமாகப் பூட்டினாள்.

பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல் இருந்தது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இன்றைய கணக்கில் சுமார் 5 கிராம். முத்து என்றால் வெறும் முத்து அல்ல. வட்டமா, அனுவட்டமா, கறடா, சப்பத்தியா, இரட்டையா என்று பிரித்து எண்ணியிருக்கிறார்கள். மாணிக்கத்தில் பழுது இருந்தால் அதுவும் பதிவாகியிருக்கிறது. நகைக்குள் இருக்கும் அரக்கு எடையில் சேர்ந்தால் அதையும் மறைக்கவில்லை. இன்றைக்கு நகைக்கடையில் ரசீது வாங்கும் பெண்கள்கூட இத்தனை கேட்பதில்லை!

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸ் நகரத்தார், அதீனா தேவி கோவில் பொன்னையும் வெள்ளியையும் நிறுத்துச் சலவைக்கல்லில் வெட்டி வைத்தார்கள். தேவி சிலையின் பொற்தகடுகளையே கழற்றி நிறுத்துப் பார்க்க முடியும். அத்தனை எச்சரிக்கை!

குந்தவை நகையோடு நிற்கவில்லை. பூசைக்காகக் காசும் வைத்தாள். கிராம சபைகள் அதைக் கடனாக வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி; சில ஊர்கள் வட்டியை நெல்லாக அளந்தன. முதல் அப்படியே இருக்க, வட்டியில் விளக்கு எரிந்தது, படையல் நடந்தது.

தஞ்சையில் தந்தையின் பெயரால் நடந்த ஆதுலசாலைக்கு நிலமும் கொடுத்தாள். ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. தம்பி மறைந்து, தம்பி மகன் ராஜேந்திரன் ஆண்ட நாளிலும் அவள் கை கொடுத்துக்கொண்டே இருந்தது. முதுமையில் அவள் இருந்தது பழையாறை அரண்மனையில்.

அவள் பூட்டிய நகைகள் இன்று இல்லை. தஞ்சை விமானத்தின் அடிக்கல்லில் அவற்றின் கணக்கு மட்டும், பழுதான மணிகள் உட்பட, அப்படியே இருக்கிறது.