சான்று தேடிய சான்றோர்: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

ஒரு செய்தியை எழுதிவைத்தல் எளிது. பின்வருவோர் ஐயமின்றி ஏற்கும்வண்ணம் எழுதிவைத்தல் அரிது. கேட்டதனைத்தையும் எழுதுவோன் தாளை நிரப்புவான். கேட்டதைத் தேர்ந்து, தேர்ந்ததை நிறுத்து, நிறுத்ததற்குச் சான்று காட்டி எழுதுவோனே உண்மையை நிலைபெறச் செய்வான். இக்காலத்தில் ஊர்தோறும் குலவரலாறும் கோயில் வரலாறும் எழுதும் ஆர்வம் மிகுந்திருக்கின்றது. நம் சங்கத்து அன்பர்கள் பலரும் தத்தம் குடும்ப வரலாற்றை எழுத முற்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. அவர்கட்கு வழிகாட்டியாய் நிற்கத்தக்க வாழ்வு ஒன்றைச் சொல்ல விழைகின்றேன். அது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வாழ்வு.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தோன்றினார்கள். சொந்த ஊர் தஞ்சைச் சீமையிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர்; செல்வம் இல்லாதவர். மைந்தருக்கோ தமிழின்மேல் தணியாத வேட்கை. அவ்வேட்கை அவர்களை 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கொண்டு சேர்த்தது. 1876-இல் ஆசிரியர் மறைந்தபின் ஐயரவர்களைத் தாங்கியவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். இத்தேசிகர் நம்மவர்; தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையேயுள்ள மேலகரத்திற் பிறந்தவர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரைத் தந்ததும் அவ்வூரே. நம் சாரலில் தோன்றிய ஒருவர் தந்த நிழலில் தங்கியே ஐயரவர்களின் புலமை முதிர்ந்தது.

1880-இல் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அந்நகரத்து முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார்கள். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றை அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கற்றதுண்டோ என்று வினவினார். ஐயரவர்கள் அவற்றைக் கற்றிருக்கவில்லை. முதலியாரிடம் பெற்ற சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியே அவர்கள் வாழ்வின் போக்கை மாற்றிற்று.

பழைய ஏடு ஒன்றை எடுத்துப் படித்தல் அச்சுப் புத்தகத்தைப் படிப்பது போன்றதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் ஒரே வடிவாய் நிற்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். செய்யுள் முடிந்து உரை தொடங்குமிடம் தெரியாது. எழுதுவோன் ஒருமுறை பிழைத்தால், அதைப் பார்த்து எழுதுவோரெல்லாம் அப்பிழையைப் பெருக்குவர். ஆகவே ஓர் ஏட்டை மட்டும் நம்பி அச்சிடுதல் ஒரு சாட்சியின் சொற்கேட்டுத் தீர்ப்புரைப்பதை ஒக்கும். ஐயரவர்கள் சிந்தாமணிக்காக இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளைத் தேடித் திரட்டினார்கள்.

ஏடு தேடியதோடு அவர்கள் நின்றாரல்லர். சிந்தாமணி சைன நூல். அதன் கோட்பாடுகளைச் சைவ மடத்திற் பயின்றவர் ஊகித்துக் கூறின் பிழைபடும். எனவே கும்பகோணத்துச் சைனர்களை அணுகி, அவர்கள் வழிபாட்டையும் சமயச் சொற்களையும் கேட்டறிந்தார்கள். பின்னர் மணிமேகலையைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, பௌத்த நெறியை ரங்காசாரியார் என்னும் அறிஞர் வாயிலாகப் பயின்றார்கள். ஒரு கூட்டத்தாரைப்பற்றி எழுதுவோன் அக்கூட்டத்தாரையே கேட்டறிதல் வேண்டும் என்னும் நெறி இதனால் விளங்கும்.

1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. அடுத்துப் பத்துப்பாட்டைத் தேடி ஐயரவர்கள் நம் பொருநைநாட்டுக்கு வந்தார்கள். திருநெல்வேலியில் கவிராச ஈசுவரமூர்த்தி பிள்ளை வீட்டு ஏடுகள் கட்டுக்கட்டாக ஒழுங்குற அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு உவகை பூத்தார்கள். ஆழ்வார்திருநகரியில் இலக்குமண கவிராயர் வீட்டிற் குவிந்திருந்த சுவடிகளை நாட்கணக்கில் புரட்டியும் தேடிய நூல் அகப்படவில்லை. வேறொருவர் அவ்வளவில் திரும்பியிருப்பர். ஐயரவர்கள் மேலும் வினவினார்கள். கவிராயருடைய மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து பத்துப்பாட்டுப் பிரதி கிடைத்தது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர் வரும் பகுதி சில ஏடுகளிற் சிதைந்திருந்தது. அவ்வெற்றிடத்தை நிரப்பியது தருமபுர ஆதீனத்து ஏடு. பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது.

எல்லாப் பயணமும் இவ்வாறு இனிது முடியவில்லை. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள கரிவலம்வந்தநல்லூர், பால்வண்ணநாதர் எழுந்தருளிய தலம். அத்திருக்கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவர் தொகுத்த ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயரவர்கள் ஆவலொடு சென்றார்கள். அங்கே கேட்ட செய்தி நெஞ்சைப் பிளப்பதாயிற்று. பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டுமென்று ஆகமம் கூறுவதாகக் கொண்டு, அவற்றை எரித்துவிட்டனர் என்பதே அச்செய்தி.

தென்காசிப் பாண்டியர் வாளொடு எழுத்தாணியும் ஏந்திய மரபினர். நைடதம் பாடிய அதிவீரராமரும் பிரமோத்தர காண்டம் பாடிய வரதுங்கராமரும் அம்மரபினரே. அத்தகையோர் நாட்டில் ஓர் அரசர் திரட்டிய சுவடிகளில் எவ்வெந்நூல்கள் இருந்தனவோ! பராக்கிரம பாண்டியர் தென்காசிக் கோயிலைக் கட்டிப் பின்வருவோர் அதைக் காக்குமாறு வேண்டிச் செய்யுள்களைக் கல்லில் வெட்டுவித்தார். கல் தன் வேண்டுகோளைத் தானே சொல்லி நிற்கின்றது. ஓலைக்கு அவ்வலிமை இல்லை. வைத்திருப்போர் அறிவே அதற்கு அரண். ஏடுகளை எரித்தவர் பகைவரல்லர். நற்கருமம் செய்கின்றோம் என்றே எரித்தனர். அறியாமை பக்தியின் உடையை அணிந்துவரின் அதைத் தடுப்பார் அரியர்.

இனி, திரட்டியவற்றை ஐயரவர்கள் மதிப்பிட்ட முறையைக் காண்போம். பாடம் வேறுபடுமிடத்துத் தமக்கு இனிக்கும் பாடத்தை மட்டும் வைத்து மற்றவற்றை மறைக்கவில்லை. பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினார்கள். பழைய உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட அடிகளோடு ஏட்டை ஒப்புநோக்கினார்கள். எவ்வூரில் யாரிடம் எந்தப் பிரதி பெற்றார்கள் என்பதை முகவுரையில் நன்றியுடன் குறித்தார்கள். இஃது உபசாரம் மட்டுமன்று. படிப்போன் தானே சென்று சரிபார்க்கத் திறந்துவைத்த கதவு.

இல்லாததை இட்டு நிரப்பாமை அவர்களது மற்றொரு பண்பு. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. 1904-இல் எட்டுப் பத்துக்களையே வெளியிட்டார்கள். எழுபது எனப்படும் பரிபாடலில் இருபத்திரண்டு பாடல்களே முழுமையாகக் கிடைத்தன; 1918-இல் அவற்றையே பதிப்பித்தார்கள். செய்யுள் இயற்றவல்ல புலவர்தாமே அவர்கள்! குறைந்த அடிகளைத் தாமே பாடிச் சேர்த்திருந்தால் கண்டுபிடிப்பார் எத்துணைப் பேர்? ஆயினும் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார்கள். அதனாலேதான் அவர்கள் அச்சிட்ட பகுதியை உலகம் நம்புகின்றது.

ஆசிரியரின் வரலாற்றை எழுதியபோதும் இந்நெறி பிறழவில்லை. பிள்ளையவர்கள் மறைந்து ஐம்பதாண்டுகளுக்குப் பின்னர், 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இருபாகமாக அதை வெளியிட்டார்கள். தாம் உடனிருந்து கண்டவற்றோடு பிறரிடம் கேட்டவற்றையும், கடிதங்களிலும் தனிப்பாடல்களிலும் அறிந்தவற்றையும் இணைத்து அமைத்தார்கள். 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிற் பணியாற்றி, 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்று, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இறைவனடி எய்தினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பெயரால் சென்னை அடையாற்றில் நூல்நிலையம் அமைந்தது. ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகள் அங்கே காக்கப்பெற்றன.

அன்பர்களே, இவ்வாழ்விலிருந்து நாம் கொள்ளற்பாலன சில உள. குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதலில் வீட்டுப் பரணை நோக்குக. பழைய பத்திரமும் ஓலை முறியும் கணக்குச் சுருணையும் கிடைப்பின் குப்பையென்று கழிக்கவேண்டா. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடவும் வேண்டா. முதியோர் சொல்வதை அவர் பெயரும் கேட்ட நாளும் குறித்து எழுதிக்கொள்க. ஒருவர் சொன்னதையே பத்துப்பேர் திருப்பிச் சொன்னால் அது பத்துச் சான்றாகாது; ஒரு சான்றே. கல்வெட்டு ஒன்று சொல்ல, செவிவழிக்கதை வேறொன்று சொன்னால், இரண்டையும் காட்டி, எதை ஏன் ஏற்றீர் என்பதை உரைக்க. நம் முன்னோர்க்கு இல்லாத முடியைச் சூட்டவும் வேண்டா. இருந்த ஏர்க்கலப்பையை மறைக்கவும் வேண்டா. பொய்ப்புகழ் ஒன்று வெளிப்படின், அதன் பக்கத்தில் நின்ற மெய்ப்புகழும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

கரிவலத்துத் தீயில் வெந்தவை மீளா. ஆயினும் நம் இல்லங்களில் இன்னும் வேகாதிருப்பவை உள. அவற்றை நாடி எடுத்து, நடுநின்று ஆராய்ந்து, உள்ளது உள்ளவாறே எழுதி வைப்போமாக. அதுவே ஐயரவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.