மகன் பெயரில் ஓர் ஆலயம்: கனகராய முதலியாரின் வாழ்வு



உயிர்ப்புப் பெருவிழா முடிந்தவுடன் நம் தவளக்குப்பம் பகுதியில் வில்லியனூர் பேச்சு தொடங்கிவிடும். மாதாவுக்குக் கொடி எப்போது ஏறுகிறது, எந்த நாள் நடந்து போவது, வீட்டில் யார் யார் வருகிறீர்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வோம். 1877-ம் ஆண்டு முதல் லூர்து அன்னை அங்கே குடிகொண்டு நம்மை அழைத்து வருகிறார். 1886-ல் அன்னையின் திருவுருவத்துக்கு மணிமுடி சூட்டப்பட்டது. ஆலயத்தின் முன் உள்ள திருக்குளத்தில் காலை நனைத்து, மெழுகுதிரி ஏற்றி, வேண்டுதலைச் சொல்லிவிட்டு வந்தால்தான் நமக்கு நிம்மதி.

கடலூர் சாலை வழியாக அரியாங்குப்பம் தாண்டி, நகரத்துக்குள் போய் வில்லியனூர் சாலையைப் பிடிப்பவர்கள், ரெட்டியார்பாளையத்தைக் கடந்துதான் போகிறோம். அங்கே புனித அந்திரேயா ஆலயம் இருக்கிறது. வில்லியனூர் திருத்தலம் தோன்றுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, 1745-ல், அந்த ஊரில் ஆலயம் எழுந்துவிட்டது. அதைக் கட்டியவர் ஒரு குருவும் அல்லர், ஆயரும் அல்லர். மகனைப் பறிகொடுத்த ஒரு தமிழ்த் தகப்பன். அவர் பெயர் பெத்ரோ கனகராய முதலியார். இந்த முறை நடந்து போகும்போது அந்த ஆலயத்தின் முன் ஒரு நிமிடம் நின்று அவரை நினைத்துப் பார்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகக் கழகம் 1674-ல் வேரூன்றியது. பிரான்சுவா மர்த்தேன் அதற்குத் தலைமை ஏற்றிருந்த காலத்திலிருந்தே கனகராயரின் குடும்பம் கழகத்தாருடன் வணிகத் தொடர்பு கொண்டிருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊறிய குடும்பம் அது. அந்நாளில் கழகத்தில் ஒரு தமிழர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி தலைமைத் துபாசி பதவி. துபாசி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் மொழிபெயர்ப்பதோடு அவர் வேலை முடிந்துவிடாது. நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது, துணி கொள்முதல் செய்வது, நவாபுகளின் ஆட்களோடு பேசுவது, ஊர் வழக்குகளைத் தீர்ப்பது எல்லாம் அவர் கையில் இருந்தது. ஆளுநரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவரைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பதவி கனகராயருக்கு எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் நைனியப்ப பிள்ளை. அவர் இந்து. அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று அன்றைய இயேசு சபைக் குருக்கள் விடாமல் வற்புறுத்தி வந்தார்கள். 1716-ல் ஆளுநர் எபேர் நைனியப்பரைக் கைது செய்தார். அவருக்குக் கசையடியும் சிறையும் கிடைத்தன, சொத்துகளும் பறிமுதலாயின. கனகராயர் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார். நைனியப்பர் 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். அந்தத் தீர்ப்பு தவறு என்று பிரான்சில் பின்னர் முடிவானது. ஆனால் போன உயிர் திரும்புமா?

நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை நீதி கேட்டுக் கப்பலேறிப் பிரான்சு வரை போனார். அங்கே திருமுழுக்குப் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து, தந்தை வகித்த பதவியைப் பெற்றார். 1724-ல் அவரும் இறந்துவிட, கனகராயர் மீண்டும் தலைமைத் துபாசி ஆனார். அதன் பிறகு இறக்கும் வரை, ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள், ஆளுநர்கள் மாறினாலும் அவர் மாறவில்லை. லெனுவார், துய்மா, துய்ப்ளே ஆகிய மூவருக்கும் அவரே வலக்கையாக இருந்தார். புதுவைத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் அவரைவிடச் செல்வாக்கு மிக்கவர் அப்போது எவரும் இல்லை.

பதவி இருந்தது, பணம் இருந்தது, ஊரார் மரியாதை இருந்தது. 1739-ல் அவருடைய ஒரே மகன் இளவயதிலேயே இறந்துபோனான்.

அந்த மகனின் பெயர் வேலவேந்திர முதலியார். இந்தப் பெயரை இன்றைய இளைஞர்கள் புரிந்துகொள்வது கடினம். புனித அந்திரேயாவை நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்தார்கள். அந்திரேயா என்ற கிரேக்கப் பெயரில் ஆண்மை, வலிமை என்ற பொருள் இருப்பதால் அதைத் தமிழில் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் நம் பங்குகளில் பெலவேந்திரன் என்ற பெயருடைய பெரியவர்களைக் காணலாம். அந்தப் பெயர்தான் வேலவேந்திரன் என்றும் வழங்கியது. தகப்பன் பெத்ரோ, அதாவது பேதுரு. மகன் அந்திரேயா. நற்செய்தியில் அவர்கள் அண்ணன் தம்பி. புதுச்சேரியில் அவர்கள் அப்பா, பிள்ளை.

பிள்ளையை அடக்கம் செய்த எந்தத் தகப்பனும் ஒரு கேள்வியோடுதான் கல்லறையிலிருந்து வீடு திரும்புவான். இனி யாருக்காக இதெல்லாம்? பங்குப் பணியில் இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். சிலர் குடியில் விழுகிறார்கள், சிலர் கோவில் பக்கமே வருவதில்லை. கனகராயர் தம் மகனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகனின் பாதுகாவலரான பெலவேந்திரர் பெயரில் ஆலயம் கட்டினார். உழவர்கரைப் பகுதியில், இன்றைய ரெட்டியார்பாளையத்தில் அது 1745-ல் நிறைவடைந்தது. வேலவேந்திரன் இறந்து ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பேரப்பிள்ளைகள் சொல்ல வேண்டிய பெயரை இனி ஊர் முழுவதும் செபத்தில் சொல்லட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஆலயத் திறப்பையொட்டிப் பெரிய விருந்து வைத்தார். அந்த விருந்தை நமக்கு எழுதி வைத்திருப்பவர் யார் தெரியுமா? ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-ல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதிய அவர், நைனியப்ப பிள்ளையின் நெருங்கிய உறவினர். கனகராயருக்குப் பின் அதே பதவிக்கு வந்தவர். போட்டியாளர் வீட்டுப் பேனாதான் கனகராயரின் பெருமையையும் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. கடவுளின் வழிகள் வியப்பானவை!

ஆளுநர் துய்ப்ளே முதல் ஊரிலுள்ள எல்லாச் சாதியாரும் அழைக்கப்பட்டார்கள். ஒருவரையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் பந்தி ஒன்றாக இல்லை. பிராமணர்களுக்குப் பிராமணரே சமைத்தார்கள். மற்றச் சாதியாருக்கு அவரவர் வழக்கப்படி தனித்தனியே ஏற்பாடு. ஐரோப்பியருக்கு அவர்கள் முறைப்படி மேசை விருந்து. கிறிஸ்தவராக இருந்தும் ஊர் வழக்கத்தை ஒட்டி அவர் நடந்துகொண்டதை நாட்குறிப்பு பதிவு செய்கிறது.

அந்த நூற்றாண்டின் அளவுகோலால் பார்த்தால் அது பெருந்தன்மைதான். பிற சமயத்தாரின் மனம் நோகாமல் விருந்து வைத்தது நல்ல பண்பும்கூட. ஆனாலும் நம் மனதை உறுத்தும் இன்னொரு நிகழ்ச்சியும் அதே 1745-ம் ஆண்டில் நடந்தது.

நகரத்தில் சம்பா கோவில் என்று மக்கள் அழைத்த இயேசு சபையாரின் ஆலயம் இருந்தது. நம் அமல உற்பவ அன்னை பேராலயத்தை இன்றும் சம்பா கோவில் என்றுதானே சொல்கிறோம்! அந்தப் பழைய ஆலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு இதைக் கண்டு பொறுக்காமல் பேசினார். தலித் கிறிஸ்தவர்கள் திரண்டு குருக்களிடம் போய், எல்லாரும் உங்கள் பிள்ளைகள் என்றால் நடுவில் சுவர் எதற்கு என்ற பொருளில் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி அது. சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், குருக்களோடு வாதிட்டார்கள். இதையும் ஆனந்தரங்கரே எழுதி வைத்தார்.

ஒரே ஆண்டு, ஒரே கிறிஸ்தவ சமூகம். ஓரிடத்தில் ஓர் ஆலயம் எழுகிறது, இன்னோரிடத்தில் ஆலயத்துக்குள் இருந்த சுவர் விழுகிறது. எது பெரிய வேலை என்று நினைக்கிறீர்கள்? செல்வாக்கு மிக்க கனகராயர் பணத்தால் ஆலயத்தைக் கட்டினார். பெயர்கூட எழுதி வைக்கப்படாத எளிய மக்கள் ஒரு கேள்வியால் சுவரை அகற்றினார்கள். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஆண்டவரின் விருந்துக்குக் கூடி வந்தும் அவரவர் உணவை அவரவரே உண்டதைக் கேள்விப்பட்டு, திருத்தூதர் பவுல் எவ்வளவு கடுமையாக எழுதினார் என்பது நமக்குத் தெரியும். பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்று எபேசியருக்குச் சொன்னவரும் அவரே.

ஆலயம் எழுந்த மறு ஆண்டே, 1746 பிப்ரவரியில், கனகராயர் இறந்தார். வாரிசாக மகன் இல்லாததால் அவர் சொத்துக்காக அவருடைய தம்பிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் வழக்கு மூண்டு, ஆளுநர் வரை போயிற்று. பதவிக்கும் போட்டி நடந்தது. 1747-ல் அது ஆனந்தரங்கருக்குப் போய்ச் சேர்ந்தது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். கனகராயர் யாருக்காக ஓடி ஓடி உழைத்தாரோ அந்த வணிகக் கழகமும் கலைந்துபோனது. எஞ்சியது என்ன? துயரத்தில் ஒரு தகப்பன் கடவுளுக்குக் கொடுத்தது மட்டுமே. அந்தப் பாதுகாவலரின் பெயரால் இன்றும் அந்த ஊரில் திருப்பலி நடக்கிறது.

அவரைப் புனிதராக்க நான் எழுதவில்லை. ஒருவரின் வீழ்ச்சியால் பதவிக்கு வந்தவர், ஒரே பந்தி போடத் துணியாதவர். ஆனால் பிள்ளையை இழந்த துக்கத்தைப் பலருக்குப் பயனாக்கத் தெரிந்தவர். நம்மில் பலரும் இப்படிக் கலந்தவர்கள்தானே?

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழா அசன விருந்து இரண்டு இடங்களில் நடந்தது. ஆலய முற்றத்தில் ஒன்று, தெருக்கோடியில் ஒன்று. இடவசதிக்காக என்று காரணம் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த நானும் நம்பினேன், நம்ப விரும்பினேன் என்பதே உண்மை. மறுநாள் ஒரு வயதான அம்மா வந்து, நற்கருணை மட்டும் ஒரே தட்டிலிருந்து தருகிறீர்களே சாமி, சோறு ஏன் இரண்டு பந்தலில் என்று கேட்டார்கள். 1745-ல் கேட்ட அதே கேள்வி! எனக்குப் பதில் இல்லை. அடுத்த ஆண்டு ஒரே பந்தல் போட்டோம். சிலர் சாப்பிட வரவில்லை. வந்தவர்களுக்குப் பரிமாறிய நாளை நான் மறக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, இந்த ஆண்டு வில்லியனூருக்கு நடக்கும்போது ரெட்டியார்பாளையத்தில் சற்று நிற்போம். பிள்ளைகளை இழந்த பெற்றோருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்வோம். பிறகு நம் பங்கை நினைத்துப் பார்ப்போம். நம் திருவிழாப் பந்தி ஒன்றுதானா? நம் கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்கு அடியிலும் வரிசை பிரித்திருக்கிறோமா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? அன்பியக் கூட்டத்துக்கு எல்லா வீட்டுத் திண்ணையும் நமக்குச் சம்மதமா?

ஆலயம் கட்ட நன்கொடை கேட்டால் நம் மக்கள் தாராளமாகத் தருகிறார்கள். ஆண்டவர் அதையும் ஏற்றுக்கொள்கிறார். அதற்கு மேல் அவர் கேட்பது, பக்கத்தில் இருப்பவருக்கு நம் பந்தியில் ஓர் இலை.

வில்லியனூர் அன்னை தம் பிள்ளைகள் அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்துவாராக. ஆமென்.