மணிக்கோபுரம் தந்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டை வளாகத்தில் 280 அடி உயரத்தில் ஒரு மணிக்கோபுரம் ஓங்கி நிற்கிறது. இராஜாபாய் கோபுரம் என்பது அதன் பெயர். அஃது ஒரு ஜைனத் தாயின் பெயர் என்பதை நம்மில் பலர் அறியோம். அதனை எழுப்பப் பொருள் வழங்கியவர் அவ்வம்மையாரின் மகன் பிரேம்சந்த் ராய்சந்த். பெருஞ்செல்வம் ஈட்டி, அதனைச் சில திங்களில் இழந்த அவர்தம் வாழ்க்கை, விலை வேறு, மதிப்பு வேறு என்பதைத் தெளிவாக உணர்த்துவது.

பிரேம்சந்த் 1831ஆம் ஆண்டு சூரத்து நகரில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர, அங்கே ஆங்கிலக் கல்வி பெற்றார். ஆங்கிலம் அறிந்த இந்தியத் தரகர்கள் அரியராய் இருந்த காலம் அது. அக்கல்வி அவருக்குப் பெருந்துணையாயிற்று. இளமையிலேயே தரகுத் தொழிலில் புகுந்து, பஞ்சு வணிகத்திலும் பங்கு வணிகத்திலும் முதன்மை பெற்றார்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிட்டாமற்போகவே, இந்தியப் பஞ்சின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. அப்பணம் தங்குவதற்கு இடம் தேடிற்று. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடலைத் தூர்க்கும் நிறுவனங்களும் நாள்தோறும் தோன்றின. பிரேம்சந்தின் பெயர் தொடர்புற்றிருந்தால் போதும், அந்நிறுவனத்தின் பங்கைப் பெற மக்கள் முண்டியடித்தனர்.

அவற்றுள் புகழ் பெற்றது பேக் பே கடல் தூர்ப்பு நிறுவனம். கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கி, அந்நிலத்தால் வருவாய் காண்பதே அதன் நோக்கம். 5,000 ரூபாய் செலுத்தப்பட்ட அதன் பங்கு ஒன்று 50,000 ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று. இவ்விடத்தில் நாம் சற்று நின்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தம் பங்கை 50,000 ரூபாய்க்குப் பிறரிடம் விற்றால், அக்கூடுதல் தொகை விற்றவரின் பைக்கே செல்லும். அதனைக் கொண்டு ஒரு கூடை மண்கூடக் கடலில் கொட்டப்படுவதில்லை. நிறுவனத்தின் நிலமும் வருவாயும் முன்போலவே இருக்க, பங்கின் விலை மட்டும் பத்து மடங்காயிற்று. தூர்க்க ஆகும் செலவு யாது, எத்தனை ஆண்டுகள் ஆகும், நிலம் என்ன வாடகை தரும் என்று வினவியவர் சிலரே. நாளை இதனினும் மிகுவிலை கொடுப்பார் ஒருவர் வருவார் என்பதே மற்றையோரின் கணக்கு.

பஞ்சு வாங்கும் வணிகர் இழையின் நீளத்தையும் தூய்மையையும் கையால் தொட்டுப் பார்த்தே விலை சொல்வார். பங்கை வாங்கும்போது அச்சோதனையை ஊரார் மறந்தனர். பஞ்சின் தரம் அறிந்த பிரேம்சந்தும் அம்மயக்கத்துக்கு விலக்காகவில்லை.

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிவுற்றது. பஞ்சு விலை சரிந்தது. பின்னொரு நாளில் பணம் தருவதாகச் செய்துகொண்ட பங்கு ஒப்பந்தங்கள் பல, அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் தீர்க்கப்பட வேண்டியிருந்தன. அன்று வாங்கியவர்களிடம் பணம் இல்லை. வணிக இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. பிரேம்சந்தின் செல்வமும் கரைந்தது.

அவர் பிழையையும் மறைத்தல் கூடாது. பம்பாய் வங்கியில் அவருக்கு மிகுந்த செல்வாக்கு இருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் பங்குகளை ஈடாகக் கொண்டு கடன் தர அவ்வங்கிக்கு இடம் தந்தது. அவருக்கும் அவர் சார்ந்தோர்க்கும் போதிய ஈடின்றிக் கடன் வழங்கப்பட்டது. 2,850 ரூபாய் வரை உயர்ந்த அவ்வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு வீழ்ந்தது. 1868இல் வங்கி மூடப்பட்டு, விசாரணைக் குழுவும் அமைந்தது. தம் பொருளை இழப்பது ஒருவரின் வினை. பிறர் நம்பி வைத்த பொருளும் உடன் அழிவதற்குக் காரணமாவது பெருங்குறையே.

எனினும் அவர் முடங்கிவிடவில்லை. மீண்டும் தொழில் செய்து தலைநிமிர்ந்தார். 1875இல் பம்பாய்த் தரகர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் நிறுவியபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவராய் விளங்கினார். 318 பேர் ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணத்தில் சேர்ந்த அச்சங்கமே மும்பைப் பங்குச் சந்தையாக வளர்ந்தது. 1906இல் பிரேம்சந்த் மறைந்தார்.

அவர் கொடையே இன்றளவும் நிலைத்திருப்பது. 1864இல், செல்வம் உச்சத்தில் இருந்தபோதே, பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 2 இலட்சமும், தாயார் பெயரால் மணிக்கோபுரத்துக்கு 2 இலட்சமும் வழங்க முன்வந்தார். கோபுரம் 1878இல் நிறைவுற்றது. கண்பார்வை இழந்த அன்னையார், இரவுண்ணாமை நோன்பு வழுவாதபடி, மணியோசை கேட்டு மாலை உணவு கொள்ளவே மகன் இதனை எழுப்பினார் என்பது செவிவழிச் செய்தி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் தந்த 2 இலட்சம் ரூபாயால் நிறுவப்பட்ட உதவித்தொகையை அறிஞர் அசுதோஷ் முகர்ஜி முதலியோர் பெற்றனர்.

பிற்காலத்தில், 1934இல், அமெரிக்கரான பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் ஒரு தொழிலின் மதிப்பை அதன் உடைமை, வருவாய், கடன் ஆகியவற்றைக் கொண்டு அளக்கும் முறையை விரிவாக எழுதினர். சந்தை கூறும் விலையை அதற்குப் பின்னரே நோக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம் அறநூல்கள் இல்லறத்தார்க்கு வகுத்த பொருள் வரைதல் என்னும் அணுவிரதமோ அதற்கும் முற்பட்ட ஒரு காவலைத் தருகிறது. இவ்வளவு போதும் என்று எல்லை வகுத்தவனை, நாளை வருவான் ஒரு மிகுவிலையாளன் என்னும் ஆசை எளிதில் மயக்காது.

இன்று நம் இல்லங்களிலும் பிள்ளைகள் பங்குகளில் பணம் இடுகின்றனர். அவர்களுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். வாங்குமுன் அத்தொழில் எதனை ஈட்டுகிறது என்று கேட்கப் பழக்குங்கள். பிரேம்சந்த் தம்மிடம் வைத்திருந்தது ஒரு கோடையில் மறைந்தது. பிறர்க்கு ஈந்ததோ நூற்றைம்பது ஆண்டுகளாக மணியொலித்து நிற்கிறது.