முதல் வழக்கில் வாயடைத்துப் போன பாரிஸ்டர்

தமிழ்ப்பள்ளிச் சுவரில் மகாத்மா காந்தியின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். உப்பு சத்தியாக்கிரகமும் கைராட்டையும் நமக்குத் தெரியும். வேலை தெரியாத இளம் வழக்கறிஞராக அவர் தடுமாறிய ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

1888-இல் லண்டனுக்குச் சென்ற மோகன்தாஸ், இன்னர் டெம்பிளில் பயின்று 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். இரண்டே நாளில் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அன்றைய முறைப்படி தேர்வுகளில் தேற வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். இன்று மலேசியாவில் சட்டம் படித்தவர் ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் சேம்பரிங் செய்த பிறகே தொழிலுக்கு வர முடியும். அந்தப் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தியச் சட்டமும் தெரியாது, ஒரு மனு எழுதவும் தெரியாது.

பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு வந்தது. கட்டணம் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். பிறகு 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டுப் போனார். பட்டதாரி இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை.

ஆறு மாதத்தில் ராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனு எழுதும் வேலையில் உட்கார்ந்தார். மாதம் சராசரி 300 ரூபாய் வந்தது. அண்ணனின் கூட்டாளியான வக்கீல் மூலம் கிடைத்த வேலை அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேச வராதவருக்கு எழுத வந்தது. அது பின்னால் கைகொடுத்தது.

1893-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. டர்பன் வணிகர் தாதா அப்துல்லா, தம் உறவினரான தையப் சேட் மீது 40,000 பவுன் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். வழக்கறிஞர்களுக்கு உதவுவதே காந்தியின் வேலை. ஓராண்டுக்கு 105 பவுன். வழக்கே கணக்குப் புத்தகங்களில்தான் இருந்தது. பற்று எது, வரவு எது என்று புதிய பாரிஸ்டருக்கு விளங்கவில்லை. பி நோட் என்றால் என்ன என்று அகராதியில் தேடியும் கிடைக்காமல், குமாஸ்தாவிடம் கேட்டுத்தான் அது பிராமிசரி நோட் எனும் கடன் பத்திரம் என்று தெரிந்துகொண்டார். கூச்சப்படாமல் கணக்கியல் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். குஜராத்தியில் இருந்த கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒவ்வொரு தாளையும் படித்து முடித்தபோது, தம் கட்சிக்காரர் பக்கம் வலுவாக இருப்பது தெரிந்தது. வழக்கு இழுத்தால் வழக்கறிஞர் கட்டணமே இரு குடும்பங்களையும் மூழ்கடித்துவிடும் என்பதும் தெரிந்தது.

இருவரிடமும் பேசி, நடுவர் தீர்ப்புக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லா வென்றார். தையப் சேட் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் கொடுக்க வேண்டும். ஒரே தவணையில் கட்டினால் அவர் திவாலாவார். நீண்டகாலத் தவணைக்கு ஒப்புக்கொள்ளும்படி தம் கட்சிக்காரரை இணங்க வைத்ததுதான் காந்திக்குப் பெரும்பாடாக இருந்ததாம்.

ஓராண்டுக்குப் போனவர் அங்கேயே தங்கினார். வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தும் 1894-இல் நேட்டால் உச்ச நீதிமன்றம் அவரை ஏற்றது. தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆன நிலையில் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் அழுதபடி வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். கிழிந்த உடை. தலைப்பாகை கையில் இருந்தது. வெள்ளையர் முன் சஞ்சிக்கூலிகள் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். முதலில் அதைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். தயங்கித் தயங்கித்தான் அவர் கட்டினார். பாலசுந்தரம் என்று பெயர். முதலாளி அடித்திருந்தார். தமிழரான குமாஸ்தா மூலம் காந்தி விவரம் கேட்டறிந்தார்.

மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்ட அதே சஞ்சிமுறைதான் அங்கும். முதலாளியை விட்டு ஓடினால் கூலிக்குச் சிறை. ஆவேசப் பேச்சு இங்கு உதவாது. காந்தி முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். சத்தியப் பிரமாண வாக்குமூலத்துடன் நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்குச் சம்மன் போனது. ஆனால் அவரைத் தண்டிப்பதைவிட, பாலசுந்தரத்தை அவர் கையிலிருந்து மீட்பதுதான் காந்தியின் நோக்கம். முதலாளியைச் சந்தித்து, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றச் சம்மதம் பெற்றார். கூலிகளின் பாதுகாவலர் அதிகாரி, புது முதலாளியைத் தேடித் தந்தால் சரி என்றார். சஞ்சிக்கூலியை வைத்துக்கொள்ள இந்தியருக்கு உரிமை இல்லாததால், தெரிந்த ஒரு வெள்ளையரிடம் பேசி அதையும் முடித்தார். முதலாளி குற்றவாளி என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார்.

அதன்பின் சஞ்சிக்கூலிகள் வரிசையாக அந்த அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். செய்தி கடல் கடந்து சென்னைக்கும் போனது. 1896-இல் காந்தி சென்னைக்குச் சென்றபோது மக்கள் காட்டிய பேருற்சாகத்துக்கு, அவர் கருத்தில், பாலசுந்தரத்தின் வழக்கே காரணம்.